கோழிகளுக்குப் பந்தி வஞ்சனை

என் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. உறவினர் கூடும் இடங்களில் அந்த உரிமையை நான் பயன்படுத்துவதில்லை. ஒருமுறை திருச்செங்கோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில், மாமா முறை ஆகும் ஒருவர் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் காட்டி, இந்த வீக்கத்துக்கு என்ன மாத்திரை போடலாம் என்று கேட்டார். நான் நோய் எதிர்ப்பாற்றலை ஆராய்ச்சி செய்கிறவள், வைத்தியம் பார்க்கிறவள் இல்லை என்றேன். "அப்பறம் என்னத்துக்கு அம்மிணி டாக்டர்?" என்றார். நியாயமான கேள்வி. இன்று வரை அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை.

பல வரிகளில் சொல்லலாம். கல்யாண வீட்டு வாசலில் நிற்கும் ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்களில் யார் சொந்தம், யார் சாப்பாட்டுக்கு மட்டும் வந்தவர், யார் செருப்புத் திருட வந்தவர் என்று அவர் முகத்தைப் பார்த்தே பிரிக்க வேண்டும். உடம்புக்குள் அந்த வேலையைச் செய்யும் உயிரணுக்கள் உண்டு. அவை ஒருமுறை செருப்பைப் பறிகொடுத்தால் அந்த முகத்தை மறப்பதில்லை. திருடன் வருவதற்கு முன்பே அவன் போட்டோவைக் காட்டி வைப்பதுதான் தடுப்பூசி. நான் போட்டோ எடுக்கிற ஆள். இதைச் சொன்னதும் மாமா, "அப்ப ஸ்டுடியோ வெச்சிருக்கறயா?" என்று கேட்டார். அதோடு விட்டுவிட்டேன்.

பெங்களூரில் சுண்டெலிகளோடு முனைவர் பட்டம். பிறகு ஒரு குளிர்ப் பிரதேசத்தில் இன்னும் விலை உயர்ந்த சுண்டெலிகளோடு சில வருடங்கள். அந்த எலிகளுக்கு ஏசி உண்டு, நேரத்துக்கு விளக்கு அணையும், அவற்றைப் பார்க்கப் போகும் முன் நாங்கள் குளிக்க வேண்டும். அங்கே இருந்தபோது ஊரை நினைத்து ஏங்கினேன் என்று சொல்ல ஆசைதான். ஏங்கவில்லை. ஒப்பந்தம் முடிந்தது, சேலத்தில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது, வந்தேன். அங்கே எலிகளை வைக்க இடமில்லை. இருந்த ஓர் அறையையும் தேர்வு விடைத்தாள்களை அடுக்க எடுத்துக்கொண்டார்கள்.

நாமக்கல் பக்கம் மனிதர்களைவிடக் கோழிகள் அதிகம். எதிர்ப்பாற்றலைப் படிக்கிறவளுக்கு அவ்வளவு கோழிகள் கண்ணெதிரே இருக்கும்போது எலிக்காக அழுவது முட்டாள்தனம் என்று எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. முட்டைக் கோழிகளுக்குக் கொரைசா என்று ஒரு சளி வரும். முகம் வீங்கும், கண் ஒட்டிக்கொள்ளும், மூக்கில் நாற்றமடிக்கும், முட்டை நின்றுவிடும். சந்தையில் கிடைத்த தடுப்பூசிக்கு எங்கள் பக்கத்துக் கிருமி அவ்வளவாகப் பிடிபடவில்லை. அந்தக் கிருமி கோழியின் மூக்குச் சவ்வில் ஒட்டிக்கொள்ள ஒரு புரதத்தைப் பயன்படுத்துகிறது. அந்தப் புரதத்தில் ஒரு துண்டை மட்டும் செய்து, அதையே போட்டோவாகக் காட்டினால் என்ன என்பது என் யோசனை. யோசனை வர ஒரு மதியம் ஆயிற்று. செய்ய என் நடுவயது முழுக்க ஆயிற்று.

அந்தத் துண்டுக்கான மரபணுவை வெட்டியெடுத்து, சாதுவான வேறொரு பாக்டீரியாவுக்குள் வைத்து, அந்தப் பாக்டீரியாவிடம் புரதத்தைச் செய்யச் சொல்ல வேண்டும். பாக்டீரியா சொன்னதைச் செய்தது. ஆனால் செய்த புரதம் எதிலும் கரையாமல் திரிந்த பால் மாதிரி கட்டிகட்டியாக வந்தது. சூட்டைக் குறைத்தேன், உப்பை மாற்றினேன், துண்டை இன்னும் சின்னதாக்கினேன், தலைகீழாக நின்று பார்த்தேன். என்னோடு சேர்ந்தவர்கள் துறைத் தலைவர்கள் ஆனார்கள், பேரன் பேத்தி எடுத்தார்கள். ஒரு நாள் குழாயில் தெளிந்த தண்ணீர் மாதிரி புரதம் நின்றது. நான் அழுதேன். ஆய்வு மாணவி, வாழப்பாடிப் பெண், என்னமோ ஏதோ என்று பயந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இனி அதைக் கோழிக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கோழிக்கு நங்கையிடம் போனேன்.

நங்கை என்றால் என் அண்ணன் மனைவி. அண்ணன் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு வருடத்தில் பாதி நாள் வடக்கே எங்காவது இருப்பார். கோழிப் பண்ணை நங்கை கையில். எங்கள் வகையறாவில் எந்த விசேஷம் என்றாலும் சாப்பாட்டு இலை போட்டதும் நங்கையைக் கூப்பிட்டுப் பந்தியில் நிறுத்துவார்கள். பரிமாறுவதற்கு இல்லை, மேற்பார்வைக்கு. மாப்பிள்ளை வீட்டு வரிசையில் இரண்டு வடையும் டிரைவர்கள் உட்கார்ந்த வரிசையில் ஒரு வடையும் விழுந்தால், சமையல்காரர் கை வேலை நடுவே நின்றுபோகும்படி ஒரு பார்வை பார்ப்பார். பந்தி வஞ்சனை செய்கிறவன் வீட்டில் அவர் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அதற்கும் என் ஆராய்ச்சிக்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்குத் தோன்றவில்லை. மெத்தப் படித்ததில் ஏற்பட்ட கோளாறு.

ஷெட்டில் இடது வரிசைக் கோழிகளுக்குத் தடுப்பூசி, வலது வரிசைக் கோழிகளுக்கு மருந்தில்லாத ஊசி, வெறும் உப்புத் தண்ணீரும் எண்ணெயும் கலந்தது. இரண்டு வரிசைக்கும் இடையில் வித்தியாசம் தெரிந்தால்தான் என் புரதம் வேலை செய்கிறது என்று சொல்ல முடியும். எல்லாம் நன்றாக இருந்தால் அது மருந்தாலா, அந்த வருடம் நோயே வராததாலா என்று யாருக்குத் தெரியும்? இதை நங்கைக்கு விளக்கினேன். அவர் தீவன மூட்டையைத் தைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப இந்தப் பக்கம் இருக்கறதுக்கு ஒண்ணும் இல்லியா அம்மிணி?"

"ஊசி உண்டுங்க. மருந்துதான் இல்ல."

"அதுகளும் தீவனம் திங்குது, முட்ட போடுது."

"போடுதுங்க. ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு அப்படி ஒரு வரிசை வேணுமுங்க."

"ம்" என்றார். அந்த "ம்"மை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் ஊசியை நானே நின்று போட வைத்தேன். இரண்டாவது ஊசி போடும் நாளில் எங்கள் கல்லூரியின் தரத்தைப் பார்க்க ஆய்வுக்குழு வந்தது. பேராசிரியர்கள் எல்லோரும் பட்டுப்புடவையில் வாசலில் நின்று வந்தவர்களுக்கு ரோஜாப்பூ கொடுக்க வேண்டும் என்பது கல்லூரி முதல்வர் உத்தரவு. நான் ரோஜாப்பூ கொடுத்தேன். பண்ணைக் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு வகைப் பாட்டில்களையும் வைத்து, எது எந்த வரிசைக்கு என்று நங்கையிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

சில வாரம் கழித்து இரத்தம் எடுத்துச் சோதித்தோம். கோழியின் இரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் இருந்தால் தட்டில் உள்ள குழி மஞ்சளாகும். இல்லாவிட்டால் நிறம் வராது. இடது வரிசை மஞ்சள். வலது வரிசையும் மஞ்சள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, அதுவும் சோகையான மஞ்சள்.

மருந்தில்லாத கோழிக்கு நிறம் வரக் கூடாது. தட்டைச் சந்தேகப்பட்டோம். தண்ணீரைச் சந்தேகப்பட்டோம். வேதிப்பொருள் அனுப்பிய கம்பெனியைச் சந்தேகப்பட்டு ஒரு காரமான மின்னஞ்சல் எழுதினேன். அவர்கள் மன்னிப்புக் கேட்டுப் புதுப் பாட்டில் அனுப்பினார்கள், பாவம். அதிலும் மஞ்சள். மாணவியைச் சந்தேகப்பட்டேன், அவள் என்னைச் சந்தேகப்பட்டாள், நாகரிகம் கருதி இருவரும் வெளியே சொல்லவில்லை. ஏற்கெனவே கிருமி பட்ட கோழிகளோ என்று, ஊசிக்கு முன் எடுத்து உறைய வைத்திருந்த இரத்த மாதிரிகளையெல்லாம் உருக்கிப் பார்த்தோம். அவை சுத்தம். ஆராய்ச்சி என்பது இதுதான். தவறு எங்கே என்று தேடிக்கொண்டிருக்கும்போது மிகவும் புத்திசாலியாக உணர்வோம்.

அடுத்த ஞாயிறு நங்கை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கேட்காமலே சொன்னார்.

"அன்னிக்கி நீ வெச்சுட்டுப் போன பாட்டல் ரெண்டையும் ஒண்ணாக் கலந்து எல்லாத்துக்கும் சரிசமமாப் போட்டாச்சு அம்மிணி. பாயசம் பத்தலீனா பால் ஊத்தி நிரவறதில்லியா, அந்த மாதிரி. ஆருக்கும் கொறையாமப் பாத்துட்டேன்."

கையில் எடுத்த சோற்றை இலையிலேயே போட்டேன். நங்கை என் இலையில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். அவர் முகத்தில் குற்ற உணர்ச்சி துளியும் இல்லை. எதிரே உட்கார்ந்து பசியோடு பார்க்கிற கோழிக்கு வெறும் தண்ணீரை ஊற்றுவது அவரைப் பொறுத்தவரை என் பெயருக்குத்தான் கேடு. என் மானத்தைக் காப்பாற்றியதாகத்தான் நினைத்திருந்தார். எனக்குக் கோபம் வந்தது. கத்தினேன். என் குழம்பு ஆறிப்போகும் வரை கத்தினேன். நங்கை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கோழிக்கும் வயித்தெரிச்சல் உண்டு" என்றார்.

திட்டத்துக்கு நிதி தருகிறவர்கள் தில்லியில் மதிப்பீட்டுக் கூட்டம் வைத்தார்கள். ஒப்பீட்டுக் கோழிகளுக்கும் தடுப்பூசி போடப்பட்டுவிட்டது என்று சொன்னேன். யாரால் என்று கேட்டார்கள். என் நங்கையால் என்று ஆங்கிலத்தில் சொல்ல வழியில்லாமல், பண்ணை நிர்வாகத்தால் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். பந்தி வஞ்சனையை அங்கே விளக்க முயன்றேன். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குறிப்பில் "நெறிமுறை விலகல்" என்று எழுதிக்கொண்டார்கள். இன்னும் ஒரே ஒரு தொகுதிக் கோழிகளுக்கு அனுமதி, அதிலும் வித்தியாசம் தெரியாவிட்டால் திட்டம் மூடப்படும் என்றார்கள். அப்படி மூடினால் ஓய்வுபெறும் வரை நான் ரோஜாப்பூ கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். 

வேறு பண்ணைக்குப் போயிருக்கலாம். கேட்டேன். ஒருவரும் தரவில்லை, மருந்தில்லாத ஊசி என்றதும் எல்லோரும் நங்கையைப் போலத்தான் "ம்" என்றார்கள். ஆகவே மறுபடியும் நங்கை.

இந்த முறை முறையாகச் செய்வது என்று முடிவு செய்தேன். இரண்டு மருந்தும் ஒரே மாதிரிப் பாட்டிலில், ஒன்றில் நீல மூடி, ஒன்றில் மஞ்சள் மூடி. கோழிகளின் காலிலும் அதே நிறத்தில் வளையம். நீலமும் மஞ்சளும் வரிசை வரிசையாக இல்லாமல் ஷெட் முழுக்கக் கலந்து இருக்கும். எந்த நிறத்தில் மருந்து இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது, மாணவிக்குத் தெரியாது, ஊசி போடும் ஆட்களுக்குத் தெரியாது. பெங்களூரில் என்னோடு படித்த தோழி ஒருத்தி பாட்டில்களை நிரப்பி அனுப்புவாள். அவளுக்கு மட்டும்தான் தெரியும். கடைசியில் ஃபோன் செய்து கேட்டுக்கொள்வோம்.

நங்கை இதை வெகுநேரம் யோசித்தார்.

"உனக்குமே தெரியாதா?"

"சத்தியமாத் தெரியாதுங்க."

"தெரிஞ்சு செஞ்சாத்தான் வஞ்சன" என்றார். "தெரியாமப் போனா அது அதுக வாங்கி வந்த வரம்."

எங்கள் துறையில் இதைப் பற்றி மூச்சுவிடாமல் எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு சுருக்கமாக யாரும் எழுதி நான் படித்ததில்லை. ஆனால் அதை ஒத்துக்கொள்ளும் மனநிலையில் அன்று நான் இல்லை. பாட்டில்களைக் கலக்கமாட்டேன், அம்மிணியைக் கேட்காமல் கோழிகளுக்கு வேறு எந்த மருந்தும் கொடுக்கமாட்டேன் என்று கற்பூரம் ஏற்றச் சொன்னேன். ஏற்றினார்.

அதன்பிறகு காத்திருப்பு. கோழிகள் நன்றாக இருந்தன. நன்றாக இருந்ததுதான் எனக்குக் கவலை. இதை யாரிடமும் சொல்ல முடியாது. நோய் வராவிட்டால் வித்தியாசம் தெரியாது, வித்தியாசம் தெரியாவிட்டால் நான் அவ்வளவுதான். நோய் வந்தால் அது நங்கையின் கோழிகளுக்குத்தான் வரும். காலையில் குளித்துவிட்டுச் சாமி படத்துக்கு முன்னால் நிற்கும்போது என்ன வேண்டிக்கொள்வது என்றே எனக்குத் தெரியவில்லை. விபூதியை மட்டும் பூசிக்கொண்டு நகர்ந்துவிடுவேன்.

மார்கழிப் பனி இறங்கியபோது சங்ககிரிப் பக்கத்துப் பண்ணைகளில் கொரைசா என்று பேச்சு வந்தது. ஒரு காலை நங்கை ஃபோனில் கூப்பிட்டார்.

"அம்மிணி, வந்து பாரு. நீல வளையம் போட்டதெல்லாம் மூஞ்சி வீங்கிப் போச்சு."

"மஞ்சள்?"

"மஞ்சள் நல்லாருக்குது. நீ வா மொதல்ல."

காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மஞ்சள் என்றால் மருந்து என்று மனம் தானாக எடுத்துக்கொண்டது. நீலம்தான் மருந்தாக இருந்துவிட்டால் என்ற நினைப்பும் கூடவே வந்தது. அப்படியானால் என் புரதம் கோழிகளைக் காப்பாற்றவில்லை, நோய்க்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறது. அப்படியும் நடப்பது உண்டு. எங்கள் துறையில் அப்படி நடந்தவர்களைப் பற்றி மெதுவான குரலில் பேசிக்கொள்வார்கள்.

ஷெட்டுக்குள் அந்த நாற்றம் இருந்தது. கண்கள் மூடி, முகம் கொழுக்கட்டை மாதிரி உப்பி, தீவனம் எங்கே என்று தெரியாமல் காற்றைக் கொத்திக்கொண்டிருந்தன நீல வளையக் கோழிகள். பக்கத்துக் கூண்டிலேயே மஞ்சள் வளையம் போட்டவை சிவந்த கொண்டையோடு தின்றுகொண்டிருந்தன. நங்கை ஒரு துணியை வெந்நீரில் நனைத்து ஒட்டிப்போன கண்களைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"தண்ணில மருந்து கலக்கட்டுமா?" என்று கேட்டார். கொரைசாவுக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கும் மருந்து உண்டு. அவரிடமே இருந்தது.

கலந்தால் கோழிகள் தேறும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வீக்கம் என்று கால்நடை மருத்துவர் வந்து பார்த்துக் குறிக்கும் முன் கலந்தால், வித்தியாசம் மறுபடியும் கரைந்து போகும். அவர் மறுநாள்தான் வருவார்.

"நாளைக்கி வரைக்கும் பொறுங்க" என்றேன்.

"அதுக்குள்ள செத்துப் போறது?"

"சிலது போகுமுங்க."

நங்கை என்னைப் பார்த்தார். பந்தியில் சமையல்காரரைப் பார்க்கும் பார்வை இல்லை இது. இதை நான் முன்னே பார்த்ததில்லை. பிறகு துணியைப் பிழிந்துவிட்டு, "கற்பூரம் ஏத்திட்டேனே" என்றார்.

அவர் மருந்து கலக்கவில்லை. என்ன செய்தால் பிழைக்கும் என்று தெரிந்த ஆள், மருந்து டப்பா எட்டும் தூரத்தில் இருக்க, வெந்நீரும் துணியுமாக அந்தப் பகல் முழுக்கக் கூண்டு கூண்டாக நடந்தார். நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டேன். என் கையில் கொடுக்காமல் சில கோழிகளை அவரே பார்த்துக்கொண்டார்.

மறுநாள் காலை மருத்துவர் வந்தார். வளையங்களைத் துணியால் மறைத்துவிட்டு முகங்களை மட்டும் பார்த்து மதிப்பெண் போட்டார். அதற்குள் செத்துப்போன சில கோழிகளின் நீல வளையங்கள் காலியான கூண்டுகளில் கிடந்தன. மதியம் குறிப்பு முடிந்ததும், ஷெட்டின் நடுவில் நின்றபடியே தோழிக்கு ஃபோன் செய்தேன்.

"எது?" என்றேன்.

"மஞ்சள்" என்றாள். "மஞ்சள்தான் உன் மருந்து."

எனக்கு என்ன ஆயிற்று என்று சரியாகச் சொல்ல வேண்டும். சந்தோஷம் வந்தது. வாழ்க்கையில் அதுவரை வராத அளவு வந்தது. காலுக்குக் கீழே தரை இல்லை. அந்த நாற்றத்திலும், அந்தக் கண்ணில்லாத முகங்களுக்கு நடுவிலும், வீங்கிய ஒவ்வொரு முகமும் எனக்கு நல்ல செய்தியாகத் தெரிந்தது.

நங்கை வாளியில் மருந்து கலக்கிக்கொண்டிருந்தார். இனி கலக்கலாம் என்று சொல்லியிருந்தேன்.

"இதுக்கு நீலம், இதுக்கு மஞ்சள்னு ஆரு முடிவு பண்ணுனது?" என்று நிமிராமல் கேட்டார்.

"கம்ப்யூட்டருங்க. சீட்டுக் குலுக்கற மாதிரி."

"ஆருமே பண்ணலியா?"

"ஆருமே பண்ணலீங்க."

"ஆராச்சும் பண்ணியிருந்தா நாலு வார்த்த கேட்டிருப்பேன்."

"என்னக் கேளுங்க" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். 

"நீ சிரிச்சுட்டிருக்கற அம்மிணி" என்றார். "உன்னக் கேட்டு என்ன ஆகப்போகுது."

கையால் வாயைத் தொட்டுப் பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அவர் பின்னாலேயே வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.